டிவிக்குப் பின்னால் இருக்கும் வயரை ரேடியோ ஏன் இன்னும் பிடுங்கவில்லை?

கேள்வி இது: புதிதாக வாங்கிய ஃபோனின் விவரப் பட்டியலில் ‘அல்ட்ரா வைட்பேண்ட்’ என்று ஒரு வரி இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே பெயரில் ஒரு நுட்பம் வந்து டிவி, கம்ப்யூட்டர், கேமரா, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வயரில்லாமல் இணைக்கப்போகிறது என்று படித்த ஞாபகம். அதுவும் இதுவும் ஒன்றா? இதை வைத்து செட்டாப் பாக்ஸையும் ப்ளேஸ்டேஷனையும் டிவியோடு இணைக்க முடியுமா?

முடியாது. ஒரே குடும்பம்தான், ஆனால் இன்று ஃபோனில் இருப்பது செய்கிற வேலை வேறு. அது சாதாரணமாக ஓடும் வேகம் நொடிக்கு 6.8 மெகாபிட். அதில் ஒரு எச்டிஎம்ஐ படத்தை அனுப்ப நினைப்பது வீண். அன்று வேகத்துக்காக விற்ற சரக்கை இன்று தூரம் அளப்பதற்காக விற்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால், உங்கள் டிவிக்குப் பின்னால் ஏன் இன்னும் வயர் தொங்குகிறது என்பதும் விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

2002 பிப்ரவரி 14 அன்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி ஒரு முடிவெடுத்தது. 3.1 முதல் 10.6 ஜிகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 7.5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தை லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் சேர்ந்து அடித்துக்கொள்ளும் இடத்தின் அகலம் சுமார் 80 மெகாஹெர்ட்ஸ்தான். அதோடு ஒப்பிட்டால் இது தொண்ணூறு மடங்குக்கும் மேல். ஆனால் அந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. சாட்டிலைட், ரேடார் என்று ஏற்கெனவே உரிமையோடு குடியிருப்பவர்கள் உண்டு. அதனால் நிபந்தனை கடுமையானது: ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 75 நானோவாட்டுக்கு மேல் அனுப்பக் கூடாது. ஒரு கம்ப்யூட்டர் தன்னை அறியாமல் கசியவிடும் மின்காந்த இரைச்சலுக்கு என்ன வரம்போ, அதே வரம்பு. ஜிபிஎஸ் இயங்கும் பகுதியில் கசியும் அளவுக்கு இன்னும் இறுக்கமான கட்டுப்பாடு போட்டார்கள்.

முழு அகலத்தையும் ஒருவர் பயன்படுத்தினாலும் மொத்த சக்தி அரை மில்லிவாட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டு வைஃபை ரூட்டர் 100 மில்லிவாட் அளவில் அனுப்புவது. ஒரு குடம் தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டினால் குட்டையாகிவிடும். அதையே வாசல் முழுக்கத் தெளித்தால் ஈரம் இருப்பதே தெரியாது, ஆனால் குடத்துத் தண்ணீர் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இதுவும் அப்படித்தான்.

இவ்வளவு குறைந்த சக்தியில் வேகம் எப்படி வரும்? தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் 1948-ல் எழுதிவைத்த சூத்திரம் இதற்கு விடை சொல்கிறது. ஒரு பாதையில் எவ்வளவு தகவல் போக முடியும் என்பது, அகலத்தை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய அதே விகிதத்தில் உயரும். சக்தியைக் கூட்டினாலோ மடக்கை விகிதத்தில், அதாவது நத்தை வேகத்தில்தான் உயரும். ஆக, சக்தி இல்லாதவன் அகலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விலை என்ன? தூரம். சில மீட்டர் தாண்டினால் சிக்னல் இரைச்சலில் கரைந்துவிடும். ஒரு ஹாலுக்குள் டிவிக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் அது போதும் என்று எல்லோரும் நம்பினார்கள். கணக்கில் தப்பில்லை.

தப்பு கமிட்டி அறையில் நடந்தது. இதற்கான தரத்தை, அதாவது எல்லாக் கம்பெனிகளின் கருவிகளும் பின்பற்றும் பொது விதிமுறையை, எழுத ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பில் 802.15.3ஏ என்று ஒரு குழு இருந்தது. 2003-ல் வந்த பல யோசனைகள் வடிகட்டப்பட்டு இரண்டு மிஞ்சின. ஒன்று இன்டெல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் முதலியோர் பக்கம். அகலத்தை 528 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் 128 துணை அலைகளை வைத்து, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே அனுப்பும் முறை. இன்னொன்று மோட்டரோலாவும் அதிலிருந்து பிரிந்த ஃப்ரீஸ்கேலும் பிடித்துக்கொண்டிருந்தது. மிகக் குறுகிய துடிப்புகளை அகலம் முழுக்கப் பரப்பும் பழைய வழி.

குழுவின் விதிப்படி ஒரு யோசனை தரமாக வேண்டுமென்றால் 75 சதவீத ஓட்டு வேண்டும். இன்டெல் பக்கத்துக்குப் பெரும்பான்மை இருந்தது, முக்கால் பங்கு இல்லை. மற்றவர்களுக்குத் தடுக்கிற பலம் இருந்தது, ஜெயிக்கிற பலம் இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் ஓட்டு, மறுபடி ஓட்டு. இதற்கு நடுவில் ஒரு சட்டச் சிக்கலும் வந்தது. மூன்று துண்டுகளில் தாவுகிற ரேடியோ எந்த ஒரு துண்டிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். அப்படியானால் அதன் சக்தியைச் சராசரியாக அளப்பதா, இல்லை தாவலை நிறுத்திவைத்து அளப்பதா? விதிப்புத்தகம் நிறுத்திவைத்து அளக்கச் சொன்னது. அப்படி அளந்தால் மூன்றில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும், தூரமும் அதற்கேற்ப சுருங்கும். எதிர்த்தரப்பு இதை விடாமல் பிடித்துக்கொண்டது. 2005 மார்ச்சில் எஃப்சிசி விலக்கு கொடுத்த பிறகுதான் அது தீர்ந்தது.

2006 ஜனவரியில் ஹவாயில் நடந்த கூட்டத்தில் குழு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. தரம் இல்லை. மூன்று வருடம் போனது போனதுதான். என்னைக் கேட்டால், எந்த முறை சிறந்தது என்பது அங்கே இரண்டாம் பட்சம். இரண்டுமே வேலை செய்திருக்கும். ஏதாவது ஒன்றை 2003-லேயே முடிவு செய்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

இன்டெல் அணி அதற்குள் வைமீடியா என்ற கூட்டமைப்பாகி, எக்மா என்ற இன்னொரு தர அமைப்பின் வழியாக 2005 டிசம்பரில் தன் முறையை வெளியிட்டுவிட்டது. அதன் மேல் ஏறி வந்ததுதான் ‘வயர்லெஸ் யுஎஸ்பி’. மூன்று மீட்டரில் நொடிக்கு 480 மெகாபிட், பத்து மீட்டரில் 110 என்று அறிவித்தார்கள். அன்றைய வயர் யுஎஸ்பியின் வேகமும் 480 என்பதால் அந்த எண் விளம்பரத்துக்குப் பொருத்தமாக அமைந்தது. 2007-ல் கடைக்கு வந்தன: கம்ப்யூட்டரில் செருக ஒரு சிறு டாங்கிள், மேஜை மேல் வைக்க நான்கு துளை உள்ள ஒரு ஹப். சில லேப்டாப்களில் உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஹப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரின்டரிலிருந்து ஹப்புக்கு வயர், வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஹப்புக்கு வயர், ஹப்புக்குக் கரண்ட் கொடுக்க அடாப்டர் வயர். வயரில்லாதது ஹப்புக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு வயர் மட்டும்தான்! பெட்டியில் 480 என்று அச்சடித்திருந்தாலும் கைக்கு வந்தது அதில் ஒரு சிறு பங்கு.

எதிரே வைஃபை சும்மா இருக்கவில்லை. அதன் அடுத்த தலைமுறையான 802.11என் இறுதித் தரமாக ஆனது 2009-ல்தான் என்றாலும், வரைவை நம்பியே 2007 முதல் சான்றிதழ் கொடுத்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். நொடிக்கு 300 மெகாபிட் என்ற எண், வீடு முழுக்க எட்டும் தூரம், எல்லா லேப்டாப்பிலும் ஏற்கெனவே இருக்கும் சிப். அதற்கு மேல் இன்னொரு சிப்புக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. 2008-ல் இன்டெலே தன் சிப் முயற்சியைக் கைவிட்டது. அதே ஆண்டு கடைசியில் வைக்வெஸ்ட் என்ற சிப் கம்பெனி கதவை மூடியது. 2009-ல் வைமீடியா தன் ஆவணங்களை ப்ளூடூத், யுஎஸ்பி அமைப்புகளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. ப்ளூடூத் அமைப்பு 2006-லேயே இந்த நுட்பத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், 2009 ஏப்ரலில் வந்த ப்ளூடூத் 3.0 வேகத்துக்கு வைஃபை ரேடியோவைத்தான் கடன் வாங்கியது. காப்புரிமை விஷயத்தில் வைமீடியாவின் பழைய உறுப்பினர்கள் சிலர் ஒத்துவராததால் அந்த ஆண்டே இதை மொத்தமாகவும் கைவிட்டார்கள்.

சரி, டிவி கதைக்கு வருவோம். கமிட்டிச் சண்டையே இல்லாமல் இருந்திருந்தாலும் 480 மெகாபிட் எச்டிஎம்ஐ வயரின் இடத்தைப் பிடித்திருக்காது. பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். கேபிளிலோ டிஸ்க்கிலோ வரும் வீடியோ சுருக்கப்பட்டது, நொடிக்குச் சில பத்து மெகாபிட் இருக்கும். செட்டாப் பாக்ஸ் அதை விரித்து, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் முழுதாக எழுதி, எச்டிஎம்ஐ துளை வழியாக வெளியே தள்ளுகிறது. 1920-க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 60 படங்கள், புள்ளிக்கு 24 பிட். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட நொடிக்கு 3,000 மெகாபிட். 4கே-யில் 12,000. அந்தத் துளையில் ரேடியோவை மாட்ட நினைப்பவருக்கு வழி இரண்டுதான். இந்த வெள்ளத்தை அப்படியே தாங்கும் ரேடியோ வேண்டும். இல்லையென்றால் விரித்ததை மறுபடி சுருக்கி அனுப்பி, டிவி பக்கம் மறுபடி விரிக்க வேண்டும். சுருக்கி விரிக்க நேரம் பிடிக்கும், படமும் கொஞ்சம் அடிபடும்.

முதல் வழியில் போனவர்கள் 60 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போனார்கள். அமெரிக்காவில் 57 முதல் 64 வரை ஏழு ஜிகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் இல்லாமல் கிடைத்தது, சக்தி வரம்பும் தாராளம். வயர்லெஸ்எச்டி என்ற கூட்டணி 2008 ஜனவரியில் நொடிக்கு 4 ஜிகாபிட் கணக்கில் தன் தரத்தை வெளியிட்டது. பானசோனிக், சோனி, சாம்சங், எல்ஜி, தோஷிபா எல்லோரும் அதில் இருந்தார்கள். சிப் செய்தது சைபீம் என்ற கலிஃபோர்னியா கம்பெனி. 2009-ல் வைகிக் என்ற போட்டிக் கூட்டணி வந்தது. அதன் வேலைதான் 2012-ல் வைஃபை குடும்பத்தில் 802.11ஏடி தரமாகி, ஏறக்குறைய 7 ஜிகாபிட் வரை போனது.

60 ஜிகாஹெர்ட்ஸ் பற்றிப் பேசும்போது ‘காற்றிலுள்ள ஆக்சிஜன் உறிஞ்சிவிடும், அதனால்தான் தூரம் போகாது’ என்று எல்லாக் கட்டுரையிலும் ஒரு வரி இருக்கும். வீட்டுக்குள் அதற்கு அர்த்தமே இல்லை. ஆக்சிஜன் உறிஞ்சுவது கிலோமீட்டருக்கு சுமார் 15 டெசிபல். பத்து மீட்டர் ஹாலில் அது 0.15 டெசிபல், அளந்தால்கூடத் தெரியாது. உண்மையான சிக்கல் அலைநீளம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை 12.5 சென்டிமீட்டர், 60 ஜிகாஹெர்ட்ஸ் அலை வெறும் 5 மில்லிமீட்டர். ஆன்டெனாவும் அதற்கேற்பச் சுருங்குவதால் அது அள்ளும் சக்தி 625-ல் ஒரு பங்காகிவிடுகிறது. இதை ஈடுகட்ட, நகம் அளவு சிப்பின் மேல் பல குட்டி ஆன்டெனாக்களை அடுக்கி, அவற்றின் அலைகளை ஒரே திசையில் கூட்டி, டார்ச் வெளிச்சம் போல ஒருமுகமாக அனுப்புகிறார்கள். அது நன்றாகவே வேலை செய்கிறது, குறுக்கே யாரும் நடக்காத வரை. மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். இந்த அலை அதில் ஏறக்குறைய நின்றுவிடும். நம் ஊர்ச் செங்கல் சுவரையோ கான்கிரீட்டையோ தாண்டி அடுத்த அறைக்குப் போகும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். ஆள் குறுக்கே வந்தால் சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்பும் பாதையை சிப் தேடிப் பிடிக்கும். அது கெட்டிக்காரத்தனமான வேலைதான், ஆனால் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடும்போது படம் ஒரு நொடி திணறினால் யாரும் பாராட்டமாட்டார்கள்.

அமிமான் என்ற இஸ்ரேல் கம்பெனி வேறொரு தினுசாக யோசித்தது, எனக்குப் பிடித்ததும் அதுதான். 5 ஜிகாஹெர்ட்ஸிலேயே இருந்துகொண்டு, படத்தின் எல்லா பிட்டுகளும் சமம் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்கு முக்கியமான பகுதிக்கு நல்ல பாதுகாப்பு, நுணுக்கமான பகுதிக்குக் குறைந்த பாதுகாப்பு. சிக்னல் கெட்டால் படம் உறையாது, லேசாகப் புள்ளியடிக்கும். தாமதம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. வீட்டு டிவியில் அது நிலைக்கவில்லை. ஆனால் படப்பிடிப்பில் கேமராவிலிருந்து இயக்குநரின் மானிட்டருக்கு வயரில்லாமல் படம் அனுப்பும் கருவிகளில் நிலைத்துவிட்டது. 2018-ல் அந்தத் துறையில் இருக்கும் விட்டெக் குழுமமே அமிமானை வாங்கிக்கொண்டது.

வீட்டில் ஏன் எதுவும் நிலைக்கவில்லை? ரேடியோ தயாரான நேரத்தில் பெட்டியே டிவிக்குள் போய்விட்டது. நெட்ஃப்ளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட். டிவியில் இருக்கும் சிப்பே அதை விரித்துக்கொள்கிறது. நொடிக்கு 12,000 மெகாபிட் வெள்ளம் இப்போது டிவியின் உள்ளே, சில சென்டிமீட்டர் செம்புக் கோட்டில் ஓடி முடிந்துவிடுகிறது. ஹாலைத் தாண்டுவது சுருக்கிய 15 மெகாபிட்தான், அதற்குப் பழைய வைஃபையே தாராளம். ஃபோனிலிருந்து டிவிக்கு ‘காஸ்ட்’ செய்கிறீர்களே, யூடியூப் போன்ற ஆப்பில் அப்போது ஃபோன் படத்தை அனுப்புவதே இல்லை. ‘இந்த வீடியோவை நீயே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்’ என்று டிவிக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். வயரைத் தோற்கடிக்கத் தேவையே இல்லாமல் போனது. கேம் ஆடுபவர்களுக்கும், வயர் தெரியாமல் சுவரில் பெரிய டிவி மாட்ட ஆசைப்படுபவர்களுக்கும் மட்டும் தேவை மிச்சம் இருக்கிறது. எல்ஜி 2023-ல் காட்டிய 97 அங்குல டிவி அவர்களுக்கானது. எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் தனியாக ஒரு பெட்டியில் இருக்கும், அதன் ஆன்டெனாவை டிவி பக்கம் திருப்பிவைக்க வேண்டும். டிவிக்குக் கரண்ட் வயர் அப்போதும் உண்டு.

அப்புறம், உங்கள் ஃபோனில் இருப்பது என்ன? அகலமான சிக்னலுக்கு வேகத்தைத் தவிர இன்னொரு குணம் உண்டு, அது நேரத்தில் மிகக் கூர்மையானது. 500 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் துடிப்பின் நீளம் சுமார் 2 நானோநொடி. ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகும். ஆக, நேராக வந்த சிக்னலையும் அதைவிட 60 சென்டிமீட்டர் கூடுதலாகச் சுற்றி, சுவரில் பட்டு வந்த சிக்னலையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபையில் துடிப்பு 50 நானோநொடி, அதாவது 15 மீட்டர். ஒரு ஹாலின் எல்லா எதிரொலிகளும் அதற்குள் ஒன்றாகக் கலந்துவிடும். இதனால்தான் வைட்பேண்ட் சிப்பால் பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் தூரம் சொல்ல முடிகிறது. 2019-ல் ஐஃபோன் 11-ல் ஆப்பிள் யூ1 சிப்பை வைத்தது, 2021-ல் தொலைந்த பொருளைத் தேட உதவும் ஏர்டேக் வந்தது. கார் சாவியில் இதன் பயன் இன்னும் பெரியது. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலைக் கருவி வைத்து வாங்கி, வாசலில் நிற்கும் காருக்குக் கடத்திக் கதவைத் திறக்கும் திருட்டு உண்டு. சிக்னலின் பலத்தைப் போலியாகக் கூட்டலாம். அது பயணம் செய்த நேரத்தைக் குறைக்க யாராலும் முடியாது, வைட்பேண்ட் அளப்பது அந்த நேரத்தைத்தான். வேகத்துக்கான குழு கலைந்து போனாலும், தூரம் அளப்பதற்கான 802.15.4ஏ என்ற தரம் சத்தமில்லாமல் 2007-ல் முடிந்தது. 2020-ல் பாதுகாப்பு சேர்த்த 802.15.4இசட் வந்தது. இன்று உங்கள் பாக்கெட்டில் இருப்பது இந்தக் கிளைதான்.

இனி உங்கள் ஹால். செட்டாப் பாக்ஸுக்கு மட்டும் என்றால் கடையில் கிடைக்கும் வயர்லெஸ் எச்டிஎம்ஐ கிட் போதும். பெட்டியில் 50 மீட்டர், சுவர் தாண்டும் என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை சிப், படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பார்வை வேண்டும், பத்து மீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் 60 ஜிகாஹெர்ட்ஸ். சீரியல் பார்க்க முதல் வகையே சரி. காட்சியும் ஒலியும் சேர்ந்தே தாமதமாவதால் ஒன்றும் தெரியாது. வாங்கும் முன் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டுக்கான வசதி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் சில சேனல்களிலும் ஆப்களிலும் கறுப்புத் திரைதான் வரும்.

ப்ளேஸ்டேஷனுக்கு அது ஆகாது. நொடிக்கு 60 படம் ஓடும்போது ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிநொடி. கிட் ஐந்தாறு படம் பின்தங்கினாலே பட்டனை அழுத்தியதும் நடப்பதும் ஒட்டாது. கடைக்காரர் சொல்வதை நம்பாமல் அளந்து பார்க்க எளிய வழி உண்டு. லேப்டாப்பில் மில்லிநொடி காட்டும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை ஓடவிட்டு, அதே திரையை டிவியிலும் வரும்படி செய்யுங்கள். இரண்டும் தெரியும்படி ஃபோனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். முதலில் எச்டிஎம்ஐ வயர் போட்டு ஒரு முறை, அப்புறம் கிட் வழியாக ஒரு முறை. ஒவ்வொரு முறையும் இரு திரைகளிலும் உள்ள எண்களின் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால், இரண்டாவதில் முதலாவதைக் கழித்து வருவதுதான் கிட்டின் தாமதம். வயரில் பார்க்கும்போது டிவியின் சொந்தத் தாமதமும் தெரிந்துவிடும். கேம் மோடைப் போடாமல் விட்டிருந்தால் அதுவே பெரிதாக இருக்கும்.

என் யோசனை, ப்ளேஸ்டேஷனை டிவிக்குக் கீழேயே வைத்து இரண்டு மீட்டர் வயர் போடுங்கள். சவுண்ட்பாருக்கு ஒலியை வெளியே அனுப்பும் டிவியின் ஈஆர்க் துளையிலிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ. வீடு இப்போதுதான் கட்டுகிறீர்கள் அல்லது சுவரைக் கொத்துகிற வேலை இருக்கிறது என்றால் டிவி இடத்திலிருந்து கீழ் அலமாரிக்குத் தனியாக ஒரு பிவிசி பைப் விடச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் லைட்டுக்குப் போடும் 20 மில்லிமீட்டர் பைப்பையே இதற்கும் போடப் பார்ப்பார். எச்டிஎம்ஐ ப்ளக்கின் தலையே உறையோடு சேர்த்து ஏறக்குறைய அவ்வளவு அகலம், வளைவில் நிச்சயம் மாட்டிக்கொள்ளும். 40 மில்லிமீட்டர் கேளுங்கள், கரண்ட் வயரை அதே பைப்பில் விட வேண்டாம். தூரம் ஐந்து மீட்டரைத் தாண்டினால் செம்பு வயரை விட்டுவிட்டு ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு, ‘டிஸ்ப்ளே’ என்று எழுதிய முனை டிவி பக்கம் போக வேண்டும். மாற்றி இழுத்துவிட்டால் முழுதாக உருவி மறுபடி போட வேண்டியதுதான், அதனால் பைப்புக்குள் ஒரு நைலான் கயிறையும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.